சொந்தம் என்னும் சொல்

'சொந்தக்காரர்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. வீட்டின் சொந்தக்காரர் என்றால் அவ்வீட்டை உடைமையாகக் கொண்டவர். வீட்டிற்கு வந்திருக்கும் சொந்தக்காரர் என்றால் உறவினர். உடைமையையும் உறவையும் ஒரே சொல்லால் குறிப்பதால் அன்றாடப் பேச்சில் குழப்பம் எதுவும் நேர்வதில்லை. ஆனால் ஒரு மனிதன் ஒரு நாட்டைத் தன் சொந்த நாடு என்று கூறும்போது, இவ்விரண்டில் எப்பொருளை எண்ணிக் கூறுகிறான்? நாடு அவனுக்கு உடைமையா, உறவா? இவ்வினா அறநெறியின் நடுவே நிற்கும் வினாவாகும்.

பிறந்த மண்ணை விட்டு வேறொரு மண்ணில் வாழ நேர்ந்தோர் அனைவரும் இதனைச் சந்தித்தே தீர வேண்டும். இலண்டனில் குடியேறிய நைஜீரியரும், பாரிசில் பணிபுரியும் செனகல் நாட்டவரும், டர்பனில் ஐந்து தலைமுறையாக வாழும் தமிழரும் "நீங்கள் எந்த ஊர்?" என்ற கேள்விக்கு விடை கூறிக் களைத்தவர்களே. கேட்பவர் பெரும்பாலும் அன்போடுதான் கேட்கிறார். எனினும், 'நீங்கள் இவ்வூர் அல்லர்' என்னும் தீர்ப்பு அக்கேள்விக்குள் முன்னதாகவே எழுதப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர் இக்கேள்விக்கு ஆளாகியும் இருக்கின்றனர். இன்று அதனைப் பிறரிடம் கேட்கும் இடத்திற்கும் வந்திருக்கின்றனர். இந்த இரண்டாவது நிலையே ஆராயத் தக்கது.

ஆராய்ச்சிக்குக் கிராஞ்சியைப் போல் பொருத்தமான இடம் தீவில் வேறொன்றில்லை எனலாம். சிங்கப்பூரின் வட பகுதியில், ஜொகூர் நீரிணையை ஒட்டி அமைந்த வட்டாரம் அது. அங்கே போர் நினைவிடம் இருக்கிறது; நாட்டின் முதல் இரு அதிபர்கள் உறங்கும் அரசு இடுகாடு இருக்கிறது; நீர்த்தேக்கமும் பண்ணைகளும் இருக்கின்றன; வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளும் இருக்கின்றன. இறந்து அந்நாட்டுக்கு உரியவரானோரும், உயிரோடிருந்தும் உரியவர் ஆகாதோரும் ஒரே வட்டாரத்தில் அருகருகே இருக்கின்றனர்.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 'கெராஞ்சி' என்று மலாய் மொழியில் வழங்கும் ஒரு மரத்தால் அவ்விடம் அப்பெயர் பெற்றது. கரிய தோலுக்குள் புளியைப் போன்ற இனிப்பும் புளிப்பும் கலந்த சதைப்பற்றுடைய கனி தரும் மரம் அது. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மரம் மேற்கு ஆப்பிரிக்காவில் வளர்கிறது. அங்கும் மக்கள் அதன் கனியை விரும்பி உண்கின்றனர். தமிழர் அடுப்பங்கரையில் நீங்கா இடம் பெற்ற புளியமரமும் வெப்பமண்டல ஆப்பிரிக்காவையே தாயகமாகக் கொண்டது என்பர் தாவரவியலார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அம்மரத்தின் கனிக்கு அரபு வணிகர் 'இந்தியப் பேரீச்சை' என்று பெயரிட்டனர். அப்பெயரே திரிந்து ஐரோப்பிய மொழிகளில் வழங்குகிறது. சாலையோரத்துப் புளியமரத்தை அயலூர் மரம் என்று எந்தத் தமிழரும் கருதுவதில்லை. அம்மரம் இல்லாமல் குழம்பும் இல்லை, இரசமும் இல்லை. வேர் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் கொண்டு உரிமையை அளக்க முற்பட்டால், தமிழர் சமையலறையே அயல்நாடாகிவிடும்.

மரத்திற்கு நினைவில்லை, மனிதனுக்கு உண்டே என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. ஆகவே மனிதரையே எடுத்துக்கொள்வோர்க்குக் கிராஞ்சி அரசு இடுகாட்டில் விடை இருக்கிறது. 1970இல் அங்கு நல்லடக்கம் செய்யப்பட்ட முதல் அதிபர் யூசோப் இஸ்ஹாக் பேராக் மாநிலத்தில் பிறந்தவர். இன்று சிங்கப்பூரின் பணத்தாளில் இருப்பது அவர் முகம். கடற்பாலத்திற்கு அப்பால் பிறந்தவர் என்ற காரணத்தால் அந்நாடு அவரைக் குறைத்து மதிக்கவில்லை.

தமிழருள் கோ. சாரங்கபாணியை எண்ணிப் பார்க்கலாம். 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூருக்கு வந்து, 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியவர் அவர். 1950களில் சிங்கப்பூர்த் தமிழர் குடியுரிமை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று ஓயாது வலியுறுத்தினார். பிழைக்க வந்த இடம், என்றேனும் திரும்பிவிடலாம் என்று எண்ணியிருந்தோரை, வாழும் மண்ணுக்குப் பொறுப்பேற்கச் செய்ய முயன்றார். அதே மனிதர்தாம் 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று முழங்கி, பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேட மக்களிடம் நிதி திரட்டினார். புதிய நாட்டுக்கு உரியவராவதற்குப் பழைய மொழியைக் கைவிட வேண்டும் என்று அவர் கருதவில்லை. இரண்டையும் ஒரே வாழ்வில் ஒருங்கே சுமக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

பிறப்பு அளவுகோல் ஆகாதெனின், உள்ளப்பற்றை அளவுகோலாகக் கொள்ளலாமா? 'எந்த நாட்டின்மீது பற்று வைத்திருக்கிறாயோ அந்த நாட்டுக்கு உரியவன்' என்பது கேட்பதற்கு அழகான விதி. 1942ஆம் ஆண்டு இவ்விதியைக் கடுமையான சோதனைக்கு உள்ளாக்கியது.

சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17ஆம் நாள், ஏறத்தாழ 40,000 இந்தியப் படைவீரர் பேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டனர். தேக்காவின் கடைத்தெருக்களிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் இடம் அது. அதுவரை அவர்களுக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷார் அவர்களைச் சப்பானியரிடம் ஒப்படைத்தனர். இந்திய விடுதலைக்காகப் போரிட வாருங்கள் என்று மோகன் சிங் அழைத்தார். பலர் சென்றனர், பலர் எடுத்த உறுதிமொழியை மீற மாட்டோம் என்று மறுத்தனர். மறுத்தோரில் பலர் நியூகினி முதலிய தொலைதூரத் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பசியாலும் நோயாலும் மடிந்தனர். சென்றோரிலும் பலர் பர்மா எல்லையில் மடிந்தனர். இரு சாராருள் பற்றுடையவர் யார், பற்றில்லாதவர் யார்? இரு சாராரும் ஒரே ஊர்களிலிருந்து வந்தவர்கள். சிலர் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள்.

போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், இந்திய தேசிய இராணுவத்தின் நினைவுச் சின்னத்திற்குச் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர்க் கடற்கரையோரம் அடிக்கல் நாட்டினார். சில வாரங்களில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். அதே இடத்தில் 1995இல் சிங்கப்பூர் அரசு ஒரு நினைவுக்கல் நாட்டியது. ஐம்பதாண்டுகளில் ஒரே செயல் துரோகமென இடிக்கப்பட்டு, வரலாறென மீட்கப்பட்டுவிட்டது. பற்று என்பது உள்ளத்தில் இருப்பது. அதனை அளப்பவனோ அதிகாரத்தில் இருப்பவன். அதிகாரம் மாறும்போது அளவும் மாறும். ஏழை மனிதனிடம் உள்ளப்பற்றுக்குச் சான்று கேட்கும் வேளைகளில் பெரும்பாலும் கேட்பவன் கையில் துப்பாக்கி இருந்திருக்கிறது.

அப்படியாயின் சட்டத்தின் தாளே உறுதியான சான்றாகுமா? இதற்கு ஈழத்து மலையகம் விடை தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டு, காப்பித் தோட்டங்களையும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களையும் உருவாக்கிய மக்களின் வழித்தோன்றல்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றோர் ஆயினர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் என்றது. மனிதரைப் பங்கிடும் கணக்கில், அவர்கள் எங்கே வாழ விரும்பினர் என்னும் வரி முதன்மை பெறவில்லை. இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர் நீலகிரிக்கு வந்து சேர்ந்தபோது 'சிலோன்காரர்' எனப்பட்டார். உகாண்டாவில் 1972இல் இடி அமீன், ஆசியரை 90 நாட்களுக்குள் வெளியேறுமாறு ஆணையிட்டான். அந்நாட்டுக் குடியுரிமை வைத்திருந்தோரும் அதில் தப்பவில்லை. சட்டத்தின் தாள் இன்றியமையாதது. அஃது இல்லாதவன் படும் துன்பம் சொல்லில் அடங்காது. ஆயினும் ஒருநாள் கொடுத்த கை மற்றொரு நாள் கிழித்துவிடக் கூடும். கிழிக்க விடாமல் தடுப்பது அத்தாளினும் ஆழமான ஏதோ ஒன்றாக இருத்தல் வேண்டும்.

அந்த ஆழமானது எது என்று காண, கிராஞ்சிப் போர் நினைவிடத்தின் சுவர்களைப் பார்க்க வேண்டும். 1957 மார்ச் 2ஆம் நாள் திறக்கப்பட்ட சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தின் தூண்களில், உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா, மலாயா என்று எங்கெங்கோ பிறந்தவர்கள் அவர்கள். அதன் பின்புறம் மற்றொரு சின்னம் உண்டு. தம் சமய நெறிப்படி தீயிலிடப்பட்ட ஏறத்தாழ 800 பேரை அது நினைவுகூர்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் படையினர். கல்லறை வேண்டாதவனுக்குக் கல்லறை கட்டாமல், அவன் நெறியையும் மதித்து, பெயரையும் காத்திருக்கின்றனர்.

பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடு கருதாமல் மாண்டவர் ஒவ்வொருவரையும் பெயரிட்டு நினைவுகூர வேண்டும் என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. கொள்கை உயர்ந்தது. நடைமுறை எப்போதும் அவ்வாறு இருக்கவில்லை என்பதை அவ்வாணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் குறிக்கப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்று அவ்வறிக்கை கூறுகிறது. பிறர் பேரரசுக்காகச் சுமை தூக்கி மாண்ட ஆப்பிரிக்கனின் பெயரை எழுதிவைக்க ஒரு கல் கிடைக்கவில்லை. தமிழருக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவரின் பெயர்களும் எந்தச் சுவரிலும் இல்லை. அதே பாதையில் மாண்ட ஐரோப்பியக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று. ஒரு மண் ஒருவனைத் தன்னுடையவன் என்று ஏற்பதன் முதல் அடையாளம் அவன் பெயரை அறிந்துகொள்வது. பிறப்பும் பற்றும் தாளும் வந்தவனிடமிருந்து கேட்கப்படும் சான்றுகள். பெயரறிதலோ இருப்பவர் ஆற்ற வேண்டிய கடமை. இத்தனை காலமும் 'வந்தவன் தன்னை நிறுவட்டும்' என்றே வினா எழுப்பப்பட்டிருக்கிறது. 'இருப்பவர் அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கின்றனர்' என்று வினாவைத் திருப்பிக் கேட்டால், சொந்தம் என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் புலப்படத் தொடங்கும்.

இறந்தோர்க்கு உரிய இந்த அறம் உயிரோடிருப்போர்க்கும் உரியதன்றோ? நினைவிடத்திற்குத் தொலைவில்லாத தங்குவிடுதிகளில் தமிழகத்து இளைஞர் பலர் வாழ்கின்றனர். அறந்தாங்கியிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் வந்தவர்கள். அடுக்குமாடிகளையும் சுரங்கப்பாதைகளையும் கட்டுவோர் அவர்கள். வேலை அனுமதியில் வருபவர் குடும்பத்தை அழைத்து வர இயலாது. நிரந்தரவாசத்திற்கு விண்ணப்பிக்க இயலாது. சிங்கப்பூரரை மணக்க அரசின் ஒப்புதல் பெற வேண்டும். இத்தனை ஆண்டுகள்தாம் வேலை செய்யலாம் என்றிருந்த வரம்பு 2025 ஜூலையில் நீக்கப்பட்டது. 63 வயது வரை பணியாற்றலாம். எனவே, ஒரு மனிதன் தன் உழைக்கும் வயது முழுவதையும் ஒரு நாட்டில் கழித்துவிட்டு, அந்நாட்டுக்கு உரியவன் ஆகாமலே திரும்பக் கூடும்.

இதில் அரசின் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. சிங்கப்பூர் சிறு தீவு. நிலமும் நீரும் அளவானவை. வருவோர் அனைவருக்கும் குடியுரிமை அளிப்பது எந்த நாட்டாலும் இயலாது. ஊழியரும் ஒப்பந்தத்தை அறிந்தே வருகின்றனர். அவர்களில் பெரும்பாலோர்க்கு ஊர் திரும்பி வீடு கட்டுவதே கனவு. தங்கைக்குத் திருமணமும் தந்தைக்கு மருத்துவமும் அவ்வூதியத்தில் நடைபெறுகின்றன. உடைமை என்னும் பொருளில் நாடு யாருக்கு என்பதை வரையறுப்பது சட்டத்தின் வேலை. அது வரம்பிட்டே தீரும்.

ஆனால் உறவு என்னும் பொருளில் சொந்தம் கொண்டாடுவதற்கு எந்தச் சட்டமும் தடை விதிக்கவில்லை. அதனை அளிக்க அமைச்சரவை கூட வேண்டுவதில்லை. அளிப்பவரும் மறுப்பவரும் சாதாரண மக்களே. இங்கேதான் சிங்கப்பூர்த் தமிழரின் மனச்சான்று சோதிக்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் திரளும் ஊழியரும், அங்கே பூவும் காய்கறியும் வாங்க வரும் உள்ளூர்த் தமிழரும் ஒரே மொழியில் பேசுகின்றனர். ஒரே கோயிலில் வணங்குகின்றனர். எனினும் ஒருவரை மற்றவராக எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சம் சிலர் நெஞ்சில் உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் நாள் தமிழக ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டபோது, 'அவர்கள் வேறு, நாங்கள் வேறு' என்று விளக்கமளிக்க வேண்டிய நெருக்கடி உள்ளூர்த் தமிழர் சிலருக்கு ஏற்பட்டது. சிறுபான்மையராக வாழ்வோரின் அச்சம் அது. எளிதில் பழிக்கத் தக்கதன்று. பல தலைமுறையாக உழைத்துப் பெற்ற மதிப்பு ஓர் இரவில் கரைந்துவிடுமோ என்று அஞ்சுவது மனித இயல்பு. ஆயினும், 'பிழைக்க வந்தவன்' என்று ஒரு காலத்தில் தன் பாட்டனைச் சுட்டிய அதே விரலைப் பேரன் மற்றொருவன்மீது நீட்டுவானாயின், அவன் பெற்ற குடியுரிமை அவனுக்கு உடைமையை மட்டுமே தந்திருக்கிறது என்று பொருள்.

2020இல் கொரோனா நோய் பரவியபோது, சிங்கப்பூரில் நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் தங்குவிடுதிகளில் வாழ்ந்த ஊழியராக இருந்தனர். விடுதிகளின் பெயர்களையே பலர் அப்போதுதான் முதன்முதலாகக் கேள்வியுற்றனர். உடனே உணவு கொண்டு சென்றோரும், தமிழிலும் வங்காளத்திலும் மருத்துவக் குறிப்புகளை மொழிபெயர்த்தோரும் உண்டு. அவர்கள் குடியுரிமை எதனையும் வழங்கிவிடவில்லை. பெயர் கேட்டனர், உடல்நலம் கேட்டனர். உறவு அவ்வாறுதான் தொடங்குகிறது.

எழுத்தாளர்க்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. 2014இல் தொடங்கப்பட்ட வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி, கட்டுமானத் தளத்தில் உழைப்போரிலும் கவிஞர் உண்டு என்பதை நாட்டுக்குக் காட்டியது. தங்குவிடுதியின் இரட்டைக் கட்டிலில் சாய்ந்தபடி ஒருவர் எழுதும் தமிழ்க் கவிதை, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் ஆகுமா, ஆகாதா? ஆகாது என்போர் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் தொடக்கத்தை நினைவுகூர வேண்டும். 1887இல் அச்சேறிய 'சிங்கைநகர் அந்தாதி'யைப் பாடிய சதாசிவப் பண்டிதர் யாழ்ப்பாணத்தவர். அவரைச் சிங்கப்பூர் இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றும் நூல்கள் அவருடைய பயணத்தாள் எது என்று வினவுவதில்லை. அவர் இந்நகரைப் பார்த்தார், பாடினார், ஆகவே உரியவரானார். நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பாடுபவனுக்கு மட்டும் விதி மாறுவது எங்ஙனம்?

புறநானூற்றின் 192ஆம் பாடலைத் தமிழர் மேடைதோறும் முழங்குகின்றனர். அதன் தொடக்கத்தை அறியாதார் இல்லை. பெரியோரை வியத்தல் வேண்டா, சிறியோரை இகழ்தல் அதனினும் வேண்டா என்று கணியன் பூங்குன்றனார் அதனை முடிக்கிறார் என்பதை எண்ணுவோர் சிலரே. எல்லா ஊரையும் தன் ஊராகக் கருதுவது புலம்பெயர்வோனுக்கு ஆறுதல். எளியவனாக வந்திறங்குபவனை இகழாதிருப்பது நிலைபெற்றுவிட்டவனுக்குக் கடமை. ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையை விட்டுவிடுவோர் பாடலின் பாதியைத்தான் படித்தவர்கள்.

வந்தவரிடம் 'எத்தனை நாள் இருப்பாய்?' என்று கேட்பவர் வீட்டின் உடைமையாளர். 'சாப்பிட்டாயா?' என்று கேட்பவர் உறவினர். ஒரு நாட்டுக்கு இருவகைக் கேள்விகளும் தேவைப்படலாம். முதற் கேள்வியைக் கேட்கக் கடவுச்சீட்டு அதிகாரிகள் இருக்கின்றனர். இரண்டாவதைக் கேட்க வேண்டியவர்கள், தம் முன்னோர் ஒருநாள் துறைமுகத்தில் பெட்டியோடு நின்றதை மறவாதவர்கள்.